மீனைத் தேடும் முன் தண்ணீரைத் தேடுங்கள்
பழைய மீன்பிடிப் படகு வாங்குவோர் கவனத்துக்கு

விடுமுறை நாள் காலைப் பொழுது. மூன்று நண்பர்கள் காசு சேர்த்து வாங்கிய பழைய படகு கென்யிர் ஏரியில் இறங்குகிறது. மெழுகு தேய்த்த அதன் உடல் வெயிலில் பளபளக்கிறது. புதிதாகப் பொருத்திய மீன் காட்டும் கருவியின் திரை வண்ண வண்ணமாக மின்னுகிறது. நண்பர்களில் ஒருவர் தம் பத்து வயது மகனையும் அழைத்து வந்திருக்கிறார். கரையை விட்டு அரை மணி நேரம் போன பிறகு பையன் கேட்கிறான்: "அப்பா, என் கால் ஏன் நனையுது?"

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், பழைய படகு வாங்கும் யாருக்கும் இது நடக்கலாம். வாங்கும்போது நம் கண்கள் படகின் நிறத்தையும் இயந்திரத்தின் பெயரையும்தான் பார்க்கின்றன. படகுக்கு வெளியே இருக்க வேண்டிய தண்ணீர் எங்கெங்கே உள்ளே புகுந்து ஒளிந்திருக்கிறது என்பதை யாரும் தேடுவதில்லை. அதை எப்படித் தேடுவது, பிறகு எதை முதலில் வாங்கிப் பொருத்துவது என்பதே இந்த வார அரங்கின் பொருள்.

பாஸ் படகு என்றால் என்ன?

பாஸ் என்பது அமெரிக்க ஏரிகளில் வாழும் நன்னீர் மீன். அதைத் தூண்டிலில் பிடிப்பதற்கென்றே அங்கு ஒரு தனிப் படகு இனம் உருவானது. 1948-இல் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில் ஹோம்ஸ் தர்மண்ட் வடிவமைத்த 'ஸ்கீட்டர்' படகே இவ்வகையில் முதலாவது என்று கருதப்படுகிறது. 1968-இல் ஃபாரஸ்ட் வுட் ஆர்கன்சா மாநிலத்தில் தொடங்கிய 'ரேஞ்சர்' நிறுவனம் இந்தப் படகைப் பரவலாக்கியது.

தாழ்வான உடல், நின்று தூண்டில் வீசத் தட்டையான மேல்தளம், பின்னால் வேகமான பெட்ரோல் இயந்திரம், முன்னால் ஓசையின்றி நகர்த்தும் சிறிய மின்மோட்டார், பிடித்த மீனை உயிரோடு வைத்திருக்கும் தொட்டி ஆகியவை இதன் அடையாளங்கள். நம் நாட்டு ஏரிகளில் விரால் இனத்தைச் சேர்ந்த தோமானுக்கும் செபாராவுக்கும் தூண்டில் போடுவோருக்கும் இதே அமைப்பு வசதியாக இருக்கிறது. புதியதாக வாங்க எல்லாராலும் முடியாது. ஆகவே, கைமாறிய படகுகளைத் தேடிப் போகிறோம். அதில் தவறில்லை. நன்றாகப் பராமரித்த பழைய படகு பல ஆண்டுகள் உழைக்கும். பராமரிக்காத படகோ வாங்கிய விலையைப் போல இன்னொரு மடங்கை விழுங்கிவிடும்.

முதல் ஒளிவிடம்: பின்பலகை

இயந்திரம் தொங்கும் பின்பக்கச் சுவரை 'டிரான்சம்' என்பார்கள். வெளியே பார்த்தால் முழுவதும் கண்ணாடியிழைதான். ஆனால், பழைய படகுகள் பெரும்பாலானவற்றில் அதற்குள்ளே ஒட்டுப்பலகை இருக்கிறது. முந்தைய உரிமையாளர் எதையோ பொருத்துவதற்காகத் திருகாணி போட்டிருப்பார். அந்தத் துளையைச் சரியாக அடைக்காமல் விட்டிருப்பார். மழையும் ஏரித் தண்ணீரும் அந்த ஊசித் துளை வழியாக ஆண்டுக்கணக்கில் இறங்கியிருக்கும். வெளித்தோல் பளபளக்க, உள்ளே பலகை ஊறி, உளுத்துக் கிடக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. இயந்திரத்தைப் பாதி உயர்த்தி, அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பின்பலகையும் சேர்ந்து வளைந்தால் ஆபத்து. பிறகு, திருகாணிமுடுக்கியின் பிடியால் பின்பலகை முழுவதையும் தட்டுங்கள். 'டக் டக்' என்று கணீரென ஒலித்தால் மரம் நன்றாக இருக்கிறது. 'தொப் தொப்' என்று மந்தமாக ஒலித்தால் அந்த இடம் ஊறிப்போயிருக்கக்கூடும். மேல்தளத்தில் வெறுங்காலோடு மெல்ல நடந்து பாருங்கள். மெத்தைபோல அமுங்கும் இடத்திலும் அதே கதைதான்.

தளத்துக்குக் கீழே மிதப்பதற்காக அடைத்த நுரை இன்னோர் ஒளிவிடம். அது தண்ணீரைக் குடித்துவிட்டால் வெயிலில் வைத்தாலும் எளிதில் காயாது. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. கண்ணுக்குத் தெரியாத கனத்த ஆள் ஒருவர் எப்போதும் படகில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம் அது. சந்தேகம் இருந்தால் படகை இழுவண்டியோடு எடைமேடையில் ஏற்றிப் பார்க்கலாம். பழைய இரும்புக் கடைகளிலும் செம்பனை ஆலைகளிலும் எடைமேடை இருக்கும். தயாரிப்பாளர் சொன்ன எடையோடு இயந்திரம், இழுவண்டி ஆகியவற்றின் எடையையும் கூட்டி ஒப்பிட்டால் உண்மை வெளிவரும்.

அமெரிக்கத் தயாரிப்பாக இருந்தால் பின்பலகையின் வலப்பக்க மேல் ஓரத்தில் 12 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளம் பொறிக்கப்பட்டிருக்கும். 1972-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இது அங்கே கட்டாயம். 1984-க்குப் பிந்தைய படகுகளில் கடைசி இரண்டு எண்கள் மாதிரி ஆண்டைக் குறிக்கும். விற்பவர் சொல்லும் வயதும் அந்த எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

இரண்டாம் ஒளிவிடம்: இயந்திரம்

படகைப் பார்க்கப் போகும்போது இயந்திரத்தை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவையுங்கள். போனதும் அதன் தலையைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் தயங்காமல் ஓடத் தொடங்குவதே நல்ல இயந்திரம்.

அடுத்து கியர் எண்ணெய். கீழ்ப்பகுதியில் உள்ள திருகாணியைச் சற்றுத் தளர்த்தினால் சில சொட்டுகள் வரும். பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். அதில் இரும்புத் தூள் மின்னினால் பற்சக்கரம் தேய்கிறது. தண்ணீர் புகுவதற்கு ஒரு காரணம் தூண்டில்காரர்களே உண்டாக்குவது. அறுந்துபோன நைலான் நரம்பு விசிறியின் பின்னால் சுற்றிக்கொண்டு, எண்ணெயைக் காக்கும் ரப்பர் வளையத்தை அறுத்துவிடும். ஆகவே, அவ்வப்போது விசிறியைக் கழற்றி, நரம்பு சிக்கியிருந்தால் எடுத்துவிட்டு, தண்டுக்குக் கிரீஸ் தடவிப் பூட்ட வேண்டும்.

இயந்திரத்தைக் குளிர்விக்கத் தண்ணீரை இழுத்துத் தருவது 'இம்பெல்லர்' என்னும் சிறிய ரப்பர்ச் சக்கரம். இயந்திரம் ஓடும்போது பின்னால் பீறிடும் மெல்லிய நீர்த்தாரை, அது வேலை செய்வதன் அடையாளம். தண்ணீர் இணைப்பே இல்லாமல் வீட்டு முற்றத்தில் இயந்திரத்தை உறுமவிட்டுக் காட்டும் விற்பனையாளரிடம் எச்சரிக்கையாக இருங்கள். வறட்சியில் சிறிது நேரம் ஓடினாலே அந்தச் சக்கரம் கருகிவிடும். பழைய படகு வாங்கினால் நல்லதோ கெட்டதோ, முதல் வேலையாக இம்பெல்லரை மாற்றிவிடுவது நல்லது. பொருளின் விலை குறைவு. அது பழுதானால் கெட்டுப்போகும் இயந்திரத்தின் விலையோ மிக அதிகம்.

ஒவ்வோர் உருளையின் அழுத்தத்தையும் பட்டறையில் சோதிக்கச் சொல்லுங்கள். உருளைகளுக்கு இடையே வித்தியாசம் சுமார் பத்து விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. பெட்ரோல் குழாய்கள் வெயிலில் வெடித்திருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். தண்ணீரைப் பிரித்தெடுக்கும் வடிகட்டி இல்லையென்றால் ஒன்றைப் பொருத்துங்கள்.

மூன்றாம் ஒளிவிடம்: மின்கம்பிகள்

பழைய படகின் மூடியைத் திறந்தால் சில சமயம் இடியப்பத்தைக் கொட்டியது போலக் கம்பிகள் கிடக்கும். ஒவ்வோர் உரிமையாளரும் ஒரு விளக்கு, ஒரு வானொலி என்று சேர்த்துக்கொண்டே போயிருப்பார்கள். காரில் பயன்படுத்தும் சாதாரணச் செம்புக் கம்பி ஈரத்தில் பச்சை பூத்து, கறுத்துப்போகும். படகுக்கு ஈயம் பூசிய கம்பியே ஏற்றது. ஒவ்வொரு கம்பிக்கும் தகுந்த 'பியூஸ்' வேண்டும். அதை மின்கலத்துக்கு மிக அருகில் வைக்க வேண்டும். பெட்ரோலும் தீப்பொறியும் ஒரே கூரையின்கீழ் வாழும் இடம் படகு என்பதை மறக்கக்கூடாது.

இயந்திரத்தைக் கிளப்பும் மின்கலம் வேறு. மின்மோட்டாரை மணிக்கணக்கில் ஓட்டும் 'டீப் சைக்கிள்' மின்கலம் வேறு. காரின் மின்கலத்தைக் கொண்டு மின்மோட்டாரை ஓட்டினால் அது விரைவில் செத்துவிடும். ஈய மின்கலமாக இருந்தால் வீடு திரும்பிய அன்றே மின்னேற்ற வேண்டும். வெறுமையாக வைத்தால் அதன் ஆயுள் குறையும். இப்போது பலர் லித்தியம் மின்கலத்துக்கு மாறுகிறார்கள். எடை பாதிக்கும் குறைவு என்பது உண்மைதான். ஆனால், அதற்கு ஏற்ற மின்னேற்றியையும் சேர்த்து வாங்க வேண்டும்.

மின்மோட்டார் எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும்? ஆட்களும் பொருள்களும் உட்பட 100 கிலோ எடைக்குக் குறைந்தது 2 கிலோ உந்துவிசை என்பது பொதுவான கணக்கு. மொத்தம் 900 கிலோ என்றால் 18 கிலோ, அதாவது கடைக்காரர் கணக்கில் 40 பவுண்டு. காற்று வீசும் பெரிய ஏரிக்கு இன்னும் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.

எதை முதலில் வாங்குவது?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கையில் மிச்சமிருக்கும் பணம் முழுவதும் மீன் காட்டும் கருவிக்குப் போய்விடுகிறது. உயிர்காப்பு மேலங்கி என்றதும் மட்டும் பேரம் தொடங்குகிறது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா?

செலவுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில், தண்ணீரை வெளியேற்றுவது. படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பம்பும், நீர் ஏறினால் தானே முடுக்கிவிடும் மிதவை விசையும் வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அணைத்தாலும் அந்த விசை வேலை செய்யும்படி, தனிப் பியூசோடு மின்கலத்தில் நேரடியாக இணைக்க வேண்டும். வடிகால் அடைப்பானில் கூடுதலாக ஒன்று வாங்கி, படகிலேயே வையுங்கள். அடைப்பானைப் பூட்ட மறந்து படகை இறக்கிவிடுவது அனுபவசாலிகளுக்கும் நேர்கிறது. கழற்றும்போது அதை இயந்திரச் சாவியோடு கட்டிவைத்தால் மறதிக்கு இடமில்லை.

இரண்டாவது, மனிதர்களைக் காப்பது. ஆளுக்கோர் உயிர்காப்பு மேலங்கி. பிள்ளைகளுக்கு அவர்களின் எடைக்கேற்ற அளவு. அது பெட்டிக்குள் தூங்கினால் பயனில்லை. உடலில் இருக்க வேண்டும். ஓட்டுநரின் உடலோடு இணையும் நிறுத்துக் கயிறும் அப்படியே. அவர் தவறி விழுந்தால் இயந்திரம் உடனே நிற்கும். இல்லையென்றால் ஓட்டுநர் இல்லாத படகு வட்டமிட்டுத் திரும்பி வந்து, நீரில் இருப்பவரையே தாக்கும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகளில், அதற்கான வசதி இருக்கும் இடத்தில், இந்தக் கயிற்றை அணிவது 2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சட்டப்படி கட்டாயம். தீயணைப்பான், ஊதல், கைவிளக்கு, துடுப்பு, நங்கூரம், நீண்ட கயிறு ஆகியவையும் இந்த வரிசையில் அடங்கும்.

மூன்றாவது, மேலே சொன்ன இயந்திரப் பழுதுகள். மீன் காட்டும் கருவி நான்காவதுதான். அதன் உணர்கருவியைப் பொருத்தும்போது பின்பலகையில் புதுத் துளைகளைப் போடாமல், ஒட்டுப் பலகை ஒன்றை முதலில் பொருத்தி, அதன்மேல் திருகாணி போடுங்கள். இல்லையேல் அடுத்த உரிமையாளருக்கு நீங்களே ஓர் ஊசித் துளையைச் சீதனமாகக் கொடுத்தவராவீர்கள்.

ஆட்கள் எத்தனை பேர், எடை எவ்வளவு, இயந்திரத்தின் குதிரைத்திறன் எவ்வளவு என்ற வரம்பு பல படகுகளில் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். அதை மீறிய பெரிய இயந்திரத்தை மாட்டிய படகு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

நம் நாட்டுப் படகுக்கு வெயிலும் மழையுமே முதல் எதிரிகள். நிறுத்தும்போது முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, வடிகால் அடைப்பானைக் கழற்றிவிட்டால் மழைநீர் தேங்காமல் ஓடிவிடும். காற்றோட்டம் உள்ள விரிப்பால் மூடுங்கள். இழுவண்டியின் சக்கரக் குண்டுகளுக்குக் கிரீஸ் வையுங்கள். நெடுஞ்சாலையில் சூடான சக்கரம் குளிர்ந்த ஏரியில் இறங்கும்போது தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே, கரையில் சற்று ஓய்வு கொடுத்துவிட்டு இறக்குவது நல்லது.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது படகின் அடியில் தங்கும். இயந்திரத்தைக் கிளப்பும் முன் மூடிகளைத் திறந்து, முகர்ந்து பாருங்கள். கென்யிர், தெமெங்கோர் போன்ற அணை ஏரிகளில் மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்னும் நிற்கின்றன. நீர்மட்டம் இறங்கும் காலத்தில் நேற்று ஆழத்தில் இருந்த கட்டை இன்று விசிறிக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். தெரியாத இடத்தில் வேகம் வேண்டாம்.

முதல் பயணத்தைக் கரையோரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். தூண்டிலே வேண்டாம். ஒரு மணி நேரம் ஓட்டி, கரையேற்றி, அடைப்பானைக் கழற்றி, எவ்வளவு தண்ணீர் வடிகிறது என்று பாருங்கள். அடுத்த முறையும் அப்படியே செய்யுங்கள். இரண்டு முறையும் சில துளிகளோடு நின்றுவிட்டால், மூன்றாம் முறை அந்தப் பத்து வயது மகனை அழைத்துச் செல்லலாம்.

அவன் அப்போது கேட்கும் கேள்வி வேறாக இருக்கும்: "அப்பா, மீன் எப்போ கடிக்கும்?" அதற்குப் பதில் சொல்வதுதான் கடினம்!