மயிலுக்கு வேட்டைக் காலம் வைத்தால் என்ன ஆகும்?

மைசூர் விஜயநகரிலிருந்து குக்கரஹள்ளி ஏரிக்குக் காலையில் நடக்கப் போகிறவர்களுக்கு மயில் அகவுவது காதுக்கு விருந்து. ரிங் ரோடு தாண்டி ராகியும் நிலக்கடலையும் போடுகிறவர்களுக்கு அப்படியல்ல. விதையைக் கிளறும், முளையைக் கொத்தும், தக்காளியைக் குத்திப் போட்டுவிட்டுப் போகும். 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையும் மயில் பெருகிவருகிறது என்றே சொல்கிறது.

அமெரிக்காவில் காட்டு வான்கோழியைச் சுட உரிமம் தருகிறார்களே, இங்கே ஏன் கூடாது? நியாயமான கேள்விதான். மைசூர் சமஸ்தானத்திலேயே 1901இல் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் ஒழுங்குமுறைச் சட்டம் இருந்தது. ஆனால் வான்கோழி விதிகள் பறவையைக் குறைப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல.

கட்டுமீறிய வேட்டையாலும் காடழிப்பாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பறவை அழிவின் விளிம்பில் இருந்தது. துப்பாக்கி, தோட்டா வரியைக் காட்டுயிர்ப் பணிக்குத் திருப்பும் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் 1937இல் வந்தது. எஞ்சியிருந்த பறவைகளைப் பிடித்துப் புதிய காடுகளில் விட்டார்கள். இன்று அவை பல லட்சம். வசந்த கால வேட்டையில் பெரும்பாலும் சேவலைத்தான் சுடலாம், அதற்கும் தலைக்கு இத்தனை என்று வரம்பு உண்டு. ஒரு சேவல் பல பெட்டைகளோடு இணையும் என்பதால், இணைசேரும் பருவம் உச்சம் தாண்டிய பிறகு சில சேவல்கள் போனாலும் குஞ்சுகள் குறையாது. அண்மையில் எண்ணிக்கை சரிந்த சில தென் மாநிலங்கள் வேட்டைத் தொடக்கத்தை இன்னும் தள்ளிவைத்தன.

மயிலும் அதே குடும்பம்தான். ஆண் ஒன்று, பெட்டை பல, முட்டை தரையில். வான்கோழி விதியை அப்படியே கொண்டுவந்தால் தோகை மயில்கள் சாகும், கடலைக்காட்டில் கூட்டம் குறையாது. குறைக்க வேண்டுமென்றால் பெட்டையையும் முட்டையையும் குறிவைக்க வேண்டும். அதற்குக் கையெழுத்துப் போடும் மந்திரி இந்த நாட்டில் பிறக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

போட நினைத்தாலும் சட்டம் விடாது. 1963இல் தேசியப் பறவையான மயில், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை. மனித உயிருக்கு ஆபத்து, அல்லது தேறாத நோய், ஊனம் என்றால்தான் அந்த அட்டவணை உயிரினத்தைக் கொல்லத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதிக்க முடியும். பயிர்ச்சேதத்தைக் காரணம் காட்ட முடிவது இரண்டாம் அட்டவணைக்கே. காட்டுப்பன்றி முதல் அட்டவணையில் இல்லாததால்தான் 2022இல் கேரளம் அதைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. 2025இல் தமிழ்நாடு, காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடும் என்று அறிவித்தது.

மயிலால் நட்டப்பட்டவருக்கு மிஞ்சுவது வலையும், விதைப்பு நாட்களில் காவலும், வனத்துறையிடம் இழப்பீட்டு மனுவும். பொறுமை இழந்து தானியத்தில் விஷம் வைக்கிறவர்களும் உண்டு. அந்தத் தானியத்தைத் தின்ன மயில் மட்டும் வருவதில்லை; வழக்கு மட்டும் வைத்தவர்மேல்தான் வரும்.