கரடிக்கு எட்டாத மூட்டை

தேக்கடிக் காட்டுக்குள் நம்மை நடத்திக் கூட்டிப்போகும் வழிகாட்டிகளில் சிலர், ஒரு காலத்தில் வயணப்பட்டை திருடியவர்கள். மசாலாவுக்குப் போகும் காட்டுப்பட்டை அது. 1990களின் பிற்பகுதியில் பெரியார் புலிகள் காப்பகம் அவர்களையே காவலுக்கும் வழிகாட்டவும் அமர்த்திக்கொண்டது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகுக் கிடங்கில் கணக்கு எழுதுகிற எனக்கு அவர்களோடு பேச்சு உடனே ஒட்டிக்கொண்டது. சாக்கைப் பிரிக்காமலே உள்ளிருப்பது ஏலமா கிராம்பா என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டேன். "உங்க மூக்கெல்லாம் ஒரு மூக்காண்ணே?" என்று சிரித்தார் ஒருவர். "கெட்டிப் புத்துக்குள்ள இருக்கிற கரையானைக் கரடி வெளிய நின்னே மோந்துடும்."

உண்மைதான். நம் காட்டுக் கரடிக்குக் கண்ணும் காதும் சுமார், எல்லாம் மூக்குதான். மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு கிடையாது. புற்றை நகத்தால் பிளந்து, மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு, அந்தப் பல் சந்து வழியே கரையானை உறிஞ்சும். தேனுக்காக மரமும் ஏறும். ஆகவே சாப்பாட்டுப் பையைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்பதெல்லாம் சினிமாவில்தான்.

அமெரிக்காவில் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அங்குள்ள கருங்கரடிகள் கயிற்றைக் கடித்து மூட்டையை விழவைக்கப் பழகிவிட்டன. கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 1998இல் மட்டும் 1,500க்கு மேற்பட்ட சம்பவங்கள். பெரும்பாலும் கார்க் கதவைப் பிய்த்துத் தின்பண்டம் எடுத்தவை. இப்போது அங்கே காட்டில் இரவு தங்குகிறவர்கள் கெட்டிப் பிளாஸ்டிக் டப்பா ஒன்றைச் சுமந்தே ஆகவேண்டும். உருளை வடிவத்தில், வழவழப்பாக, சுமார் ஒரு கிலோ எடையில் இருக்கும். கரடியின் வாய்க்குள் அடங்காது, பல்லும் பதியாது. உருட்டிப் பார்த்துச் சலித்துப் போய்விடும். நியூயார்க் மாநிலத்து அடிரான்டாக் மலையில் ஒரு பெண் கரடி மட்டும் சலிக்கவில்லை. மூடியின் கொக்கியைப் பல்லால் அமுக்கித் திறந்தது. தயாரிப்பாளர்கள் இரண்டாவது கொக்கி வைத்தார்கள், அதையும் திறந்தது. 2012இல் வேட்டைக்காரர் ஒருவர் அதைச் சுட்டுவிட்டார். எனக்கு அந்தக் கரடியின்மேல் பெரிய மரியாதை.

நம் மலைகளில் அந்த டப்பாவைத் தூக்கி யாரும் நடப்பதில்லை. வனத்துறை அனுமதியோடு, அவர்கள் காட்டுகிற இடத்தில்தான் தங்க முடியும். அதனால் வழிகாட்டிகள் கவனமெல்லாம் வாசனையைக் குறைப்பதில்தான். அவல், அரிசி, பருப்பு பரவாயில்லை. வாழைப்பழம், வெல்லம், தேன், கருவாடு, தேங்காயெண்ணெயில் பொரித்தது எதுவும் வேண்டாம். வெல்லமும் பழமும் யானைக்கும் பிடிக்கும் என்பது தனிச் சங்கதி. சமைப்பதும் சாப்பாட்டுப் பை வைப்பதும் ஓரிடம், படுப்பது தள்ளி வேறிடம். கூடாரத்துக்குள் பிஸ்கட் பாக்கெட்கூடக் கூடாது. பற்பசையும் சோப்பும் மணக்கிற சாமான்தான். அவையும் சாப்பாட்டுப் பையோடு போக வேண்டும். தாளித்த கையைத் துடைத்த துணியையும் அங்கேயே வைத்துவிட வேண்டும். மிச்சச் சோற்றைப் புதருக்குள் வீசுவதுதான் இருப்பதிலேயே மோசமான பழக்கம்.

ஏன் என்று கோத்தகிரி, குன்னூர்க்காரர்களைக் கேட்டால் தெரியும். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய கோயில்களில் கரடி புகுந்து விளக்கு எண்ணெயைக் குடித்த செய்தி அங்கே அடிக்கடி வருகிறது. ருசி கண்ட கரடி திரும்ப வரும். பிறகு ஊரார் கூண்டு வைக்கச் சொல்லி வனத்துறையிடம் மனுக் கொடுப்பார்கள்.

நடக்கும்போது கொஞ்சம் சத்தமாகப் பேசிக்கொண்டு போவது நல்லது. திடுக்கிட்ட கரடி ஓடுவதைவிடப் பாய்வதுதான் அதிகம். ராத்திரி அது பையை இழுத்துக்கொண்டு போனால் மீட்கப் போகக்கூடாது. அவலை ஒரே பையில் போடாமல் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தால் காலைப் பசிக்கு ஆயிற்று.