இரு அதிகார மையங்களும் இடையில் அகப்பட்ட மக்களும்

ஜனாதிபதிப் பதவியை ஒரு கட்சியிடமும் சட்டவாக்க சபையை இன்னொரு கட்சியிடமும் மக்கள் ஒப்படைத்துவிட்டால் நாட்டை ஆள்வது யார்? அமெரிக்கர்களுக்கு இக்கேள்வி புதியதல்ல. 1981 ஆம் ஆண்டுக்குப் பின்னரான காலத்தை எடுத்துக்கொண்டால், வெள்ளை மாளிகையும் காங்கிரஸின் இரு சபைகளும் ஒரே கட்சியின் வசம் இருந்த ஆண்டுகளை விட, பிரிந்திருந்த ஆண்டுகளே அங்கு அதிகமாகும். இலங்கை மக்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. 1994 இல் சில வாரங்களும், 2001 முதல் 2004 வரையும், பின்னர் வேறொரு வடிவில் 2015 முதல் 2019 வரையும் இந்நாடு இரு அதிகார மையங்களின் கீழ் ஆளப்பட்டது.

அதிகாரம் பிரிந்திருப்பது நல்லதா, கெட்டதா என்ற வாதம் அங்கும் இங்கும் நடந்துவருகின்றது. ஆனால், சிறுபான்மை மக்களைப் பொறுத்தவரையில் அதனை விட முக்கியமான கேள்வி ஒன்று உள்ளது. மேலே இருவர் இழுபறிப்படும்போது தம்மைக் காத்துக்கொள்ளக் கூடியவர்கள் யார்? காத்துக்கொள்ள முடியாமல் விலை கொடுப்பவர்கள் யார்?

அமெரிக்காவில் நடப்பது என்ன?

அமெரிக்க அரசியலமைப்பில் பிரதமர் என்றொருவர் இல்லை. அமைச்சரவை முழுவதும் ஜனாதிபதியினுடையது. ஆனால், அரசாங்கம் செலவிடும் ஒவ்வொரு டொலருக்கும் காங்கிரஸின் அங்கீகாரம் வேண்டும். காங்கிரஸ் நிறைவேற்றும் சட்டத்தை ஜனாதிபதி தமது ரத்து அதிகாரத்தினால் நிராகரிக்கலாம். அதனை மீறுவதற்கு இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவை. ஆகவே, இரு தரப்பும் இணங்காவிட்டால் எதுவும் நகராது. ஜனாதிபதி கிளின்டனுக்கும் குடியரசுக் கட்சியினரின் காங்கிரஸுக்கும் இடையிலான முறுகலினால் 1995 டிசம்பரில் தொடங்கி 21 நாட்கள் அரச அலுவலகங்கள் பல மூடப்பட்டிருந்தன. 2011 இல் ஜனாதிபதி ஒபாமாவுக்கும் பிரதிநிதிகள் சபைக்கும் இடையில் கடன் உச்சவரம்பு தொடர்பாக எழுந்த தகராற்றின் விளைவாக, அமெரிக்காவின் முதல்தரக் கடன் தரத்தை ஸ்டாண்டர்ட் அன்ட் புவர்ஸ் நிறுவனம் வரலாற்றில் முதற்தடவையாகக் குறைத்தது.

இவ்வாறான இழுபறியில் அமெரிக்கப் பெருவர்த்தக நிறுவனங்கள் எந்தப் பக்கம் நிற்கின்றன? இரு பக்கமும் என்பதே விடையாகும். நிறுவனமொன்று தனது நிதியிலிருந்து வேட்பாளருக்கு நேரடியாகப் பணம் வழங்குவதை 1907 ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்தது. எனினும், ஊழியர்களிடமும் பங்குதாரர்களிடமும் திரட்டப்படும் நிதியினைக் கொண்ட அரசியல் நடவடிக்கைக் குழுக்கள் ஊடாக இரு கட்சிகளின் உறுப்பினர்களுக்கும் அந்நிறுவனங்கள் உதவி வருகின்றன. 2010 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, வேட்பாளர்களுடன் இணைந்து செயற்படாத வரையில் தேர்தல் பிரசாரத்திற்கு நிறுவனங்கள் வரையறையின்றிச் செலவிடுவதற்கும் வழிதிறந்தது. புதிய சட்டமொன்றை விரும்பாத நிறுவனத்திற்கு, பிரிந்த ஆட்சியில் ஒரு தரப்பின் தயவு இருந்தாலே போதுமானது. அந்தத் தரப்பு முட்டுக்கட்டையிட்டால் சட்டம் வராது. எனவே, அரசியல் இழுபறி என்பது பெருவர்த்தகருக்கு எப்போதும் நட்டமல்ல.

ஆனால், நட்டம் வேறிடத்தில் ஏற்படுகின்றது. வளர்முக நாடுகளின் பொருட்களுக்கு அமெரிக்கா வழங்கிவந்த ஜீ.எஸ்.பி. வரிச்சலுகை 2020 டிசம்பர் 31 ஆம் திகதி காலாவதியானது. அவ்வேளையில் வெள்ளை மாளிகையும் செனட் சபையும் குடியரசுக் கட்சியிடமும், பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சியிடமும் இருந்தன. நிபந்தனைகள் பற்றி இணக்கம் காணப்படாமையால் சலுகை நீடிக்கப்படவில்லை. வாஷிங்டனின் தகராறு இலங்கை ஏற்றுமதியாளரின் வாசலுக்கு வந்தது இவ்வாறுதான்.

ஒரே உறையில் இரு வாள்கள்

இலங்கையின் நிலைமை இதிலிருந்து வேறுபட்டதாகும். 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதியை உருவாக்கிய அதேவேளை, பாராளுமன்றப் பெரும்பான்மையைக் கொண்ட பிரதமரையும் வைத்துக்கொண்டது. அமெரிக்காவில் எதிரெதிர்க் கட்சிகள் இரு வேறு கட்டடங்களில் இருந்து மோதுகின்றன. இங்கோ அவை ஒரே அமைச்சரவை மேசையில் அமர நேர்கின்றது. ஜனாதிபதியும் பிரதமரும் இரு கட்சியினராக வந்தால் பாதுகாப்பு யாருக்கு, வெளியுறவு யாருக்கு, நிதி யாருக்கு என்பதற்குத் தெளிவான விதி எழுதப்படவில்லை. இருவரும் ஒரே கட்சியினராகவே இருப்பார்கள் என்ற எண்ணத்திலேயே அந்த அரசியலமைப்பு வரையப்பட்டது எனலாம்.

1994 ஆகஸ்டில் டி.பி. விஜேதுங்க ஜனாதிபதியாக இருக்கையில் சந்திரிகா குமாரதுங்க பிரதமரானார். ஜனாதிபதித் தேர்தல் மூன்று மாதங்களுக்குள் நடைபெறவிருந்தமையாலும், விஜேதுங்க குறுக்கே நிற்காமையாலும் அக்காலம் அமைதியாகக் கழிந்தது. அது மனிதர்களின் பண்பினால் கிடைத்த அமைதியேயன்றி, விதிகளினால் கிடைத்ததல்ல. இதனை 2001 ஆம் ஆண்டு நிரூபித்தது.

அவ்வாண்டு ஜூலை 24 ஆம் திகதி கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டது. இலங்கைக்கு வரும் கப்பல்களுக்கும் விமானங்களுக்குமான யுத்த அபாயக் காப்புறுதிக் கட்டணம் பன்மடங்காக உயர்ந்தது. உல்லாசப் பிரயாணத்துறையும் ஆடைக் கைத்தொழிலும் ஆட்டங்கண்டன. சுதந்திரத்திற்குப் பின்னர் முதற்தடவையாக அவ்வாண்டில் நாட்டின் பொருளாதாரம் வளர்ச்சியின்றிச் சுருங்கியது. அதுவரை யுத்தத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தயங்கிய வர்த்தக சமூகம் சமாதானம் வேண்டும் எனக் குரலெழுப்பத் தொடங்கியது. 2001 டிசம்பர் 5 ஆம் திகதி நடைபெற்ற தேர்தலில் ரணில் விக்கிரமசிங்கவின் ஐக்கிய தேசிய முன்னணி 109 ஆசனங்களைப் பெற்றது. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் ஆதரவுடன் அவர் பிரதமரானார். ஜனாதிபதிப் பதவியில் சந்திரிகா குமாரதுங்க தொடர்ந்தார்.

2002 பெப்ரவரி 22 ஆம் திகதி யுத்தநிறுத்த உடன்படிக்கை நடைமுறைக்கு வரும் நிலையை அடைந்தது. ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. புறக்கோட்டையில் ஏற்றப்பட்ட சாமான் லொறிகள் நீண்ட காலத்தின் பின்னர் தரைவழியாக யாழ்ப்பாணம் சென்றன. அந்த மாதங்களில் தமிழ், முஸ்லிம் வியாபாரிகளின் மனதில் துளிர்த்த நம்பிக்கையை இன்றும் பலர் நினைவுகூர்வர். ஆனால், உடன்படிக்கை தம்மைக் கலந்தாலோசிக்காது செய்யப்பட்டது என ஜனாதிபதி குற்றஞ்சாட்டினார். 2003 ஜூனில் டோக்கியோ மாநாட்டில் 4.5 பில்லியன் டொலர் உதவி வாக்களிக்கப்பட்ட போதிலும், அது சமாதான முயற்சியின் முன்னேற்றத்துடன் பிணைக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்னரே, ஏப்ரலில், விடுதலைப் புலிகள் பேச்சுவார்த்தையிலிருந்து விலகியிருந்தனர்.

2003 நவம்பர் 4 ஆம் திகதி, பிரதமர் வாஷிங்டனில் இருந்த வேளையில், பாதுகாப்பு, உள்நாட்டலுவல்கள், வெகுசனத் தொடர்பு ஆகிய மூன்று அமைச்சுகளையும் ஜனாதிபதி தம்வசம் எடுத்துக்கொண்டார். பாராளுமன்றமும் ஒத்திவைக்கப்பட்டது. கொழும்புப் பங்குச் சந்தை சரிந்தது. யாருடன் பேசுவது என்பது தெளிவாகும் வரை தமது அனுசரணைப் பணியை இடைநிறுத்துவதாக நோர்வே அறிவித்தது. 2004 பெப்ரவரி 7 ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. சமாதானம் தோல்வியுற்றதற்கு இரு தலைவர்களின் பகைமை மாத்திரமே காரணம் என்று கூறுவது நியாயமாகாது. ஆயினும், தென்னிலங்கையின் இரு பெரும் கட்சிகளும் ஒரே அரசாங்கத்தில் இருந்த அபூர்வமான சந்தர்ப்பம், தீர்வுக்குப் பயன்படாமல் போட்டிக்கே பயன்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. முஸ்லிம்களின் தனித்தரப்புக் கோரிக்கையும் அப்போட்டியினிடையே விடை காணாமலே போயிற்று.

நல்லாட்சியும் இரட்டை ஆட்சியும்

2015 இல் மைத்திரிபால சிறிசேனவும் ரணில் விக்கிரமசிங்கவும் எதிரிகளாகவன்றி, பங்காளிகளாகவே ஆட்சியைத் தொடங்கினர். அவ்வாண்டு ஏப்ரலில் நிறைவேறிய 19 ஆவது திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரங்களைக் குறைத்தது. ஆனால், பெப்ரவரி 27 ஆம் திகதி இடம்பெற்ற மத்திய வங்கி பிணைமுறி ஏலம் இருவருக்கும் இடையில் விரிசலைத் தோற்றுவித்தது. அப்போதைய ஆளுநரின் மருமகனுடன் தொடர்புபட்ட நிறுவனம் அந்த ஏலத்தில் பெருமளவு பிணைமுறிகளைப் பெற்றிருந்தமையே சர்ச்சைக்குக் காரணமாகும்.

இவ்விடத்தில் இரட்டை ஆட்சியின் நன்மையொன்றையும் குறிப்பிட்டாக வேண்டும். அதிகாரம் ஒரே கட்சியிடம் இருந்திருப்பின் அவ்விவகாரம் மூடி மறைக்கப்பட்டிருக்கக்கூடும். பிரதமரின் கட்சியைச் சாராத ஜனாதிபதி இருந்தமையாலேயே 2017 ஜனவரியில் விசாரணை ஆணைக்குழு அமைந்தது. அரசுக்கும் வர்த்தகருக்கும் இடையிலான உறவு மக்கள் முன்னிலையில் விசாரிக்கப்பட்டது. ஒருவரை ஒருவர் கண்காணிப்பதே அதிகாரப் பிரிவினையின் நோக்கமாகும்.

ஆனால், கண்காணிப்பு விரைவிலேயே பகைமையாக மாறிற்று. 2018 ஒக்டோபர் 26 ஆம் திகதி ஜனாதிபதி திடீரென மஹிந்த ராஜபக்ஷவைப் பிரதமராக நியமித்தார். 51 நாட்கள் நாட்டில் இரு பிரதமர்கள் உரிமை கோரினர். பாராளுமன்றத்தைக் கலைத்தமை அரசியலமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் டிசம்பர் 13 ஆம் திகதி ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். அதற்கிடையில் மூடிஸ், ஃபிட்ச், ஸ்டாண்டர்ட் அன்ட் புவர்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் நாட்டின் கடன் தரத்தைக் குறைத்துவிட்டன.

இவற்றுக்கெல்லாம் மேலான விலை 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி செலுத்தப்பட்டது. தாக்குதல் பற்றிய புலனாய்வுத் தகவல் முன்கூட்டியே கிடைத்திருந்தது. ஆயினும், அது தமக்குத் தெரிவிக்கப்படவில்லை எனப் பிரதமர் கூறினார். முந்திய ஒக்டோபர் நெருக்கடியின் பின்னர் தேசிய பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்கு அவர் அழைக்கப்படவில்லை என்பதும் வெளிவந்தது. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் மாண்டவர்களுள் தமிழர்கள் பலர். நாடெங்கும் 260 இற்கும் அதிகமான உயிர்கள் பறிபோயின. மூன்று வாரங்களின் பின்னர் மினுவாங்கொடையிலும் குருநாகல் மாவட்டத்திலும் அக்குற்றத்துடன் எவ்விதத் தொடர்புமற்ற முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கடமை தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபா நட்டஈடு வழங்க வேண்டும் என 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இரு தலைவர்களும் ஒருவரையொருவர் நம்பாதிருந்ததன் விலையைக் கொட்டாஞ்சேனையில் பிள்ளையை இழந்த தாயும், மினுவாங்கொடையில் கடையை இழந்த வியாபாரியுமே செலுத்தினர்.

ஒற்றை ஆட்சி மருந்தாகுமா?

அவ்வாறாயின் சகல அதிகாரமும் ஒரே கையில் இருப்பது பாதுகாப்பானதா? அதற்கும் அனுபவம் விடை கூறுகின்றது. 2020 இல் ஜனாதிபதியும் மூன்றில் இரண்டு பெரும்பான்மை கொண்ட பாராளுமன்றமும் ஒரே தரப்பினராக இருந்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில், ஒரு கிலோ சீனிக்கான விசேட இறக்குமதி வரி 50 ரூபாவிலிருந்து 25 சதமாக ஒரே இரவில் குறைக்கப்பட்டது. திறைசேரி 15 பில்லியன் ரூபாவுக்கும் அதிகமான வருமானத்தை இழந்தது. கடையில் சீனி வாங்கியவருக்கோ அதற்கேற்ற விலைக்குறைப்புக் கிடைக்கவில்லை. அதே அரசாங்கமே, கொவிட் தொற்றினால் மரணித்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை அடக்கம் செய்ய 2021 பெப்ரவரி இறுதி வரை அனுமதி மறுத்தது. தடுத்து நிறுத்த எதிர்ச்சக்தி எதுவும் இருக்கவில்லை.

அமெரிக்காவிலும் 2025 இல் வெள்ளை மாளிகையும் காங்கிரஸின் இரு சபைகளும் குடியரசுக் கட்சியின் கைக்கு வந்திருந்தன. ஏப்ரல் 2 ஆம் திகதி இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதத் தீர்வையை ஜனாதிபதி ட்ரம்ப் தமது உத்தரவினாலேயே அறிவித்தார். ஆகஸ்டில் 20 வீதமாகக் குறைக்கப்படும் வரை கட்டுநாயக்க, பியகம ஆடைத் தொழிற்சாலைகளின் பெண் தொழிலாளர்கள் வேலை நிலைக்குமா என்ற அச்சத்துடன் காலங்கழித்தனர்.

ஆகவே நோய் அதிகாரம் பிரிந்திருப்பதல்ல. எவ்வாறு பிரிந்திருக்க வேண்டும் என்பது எழுதப்படாமல் இருப்பதே நோயாகும். பெருவர்த்தகருக்கு எழுதப்பட்ட விதி இல்லாவிட்டாலும் பாதகமில்லை. அவர் இரு கட்சிகளுக்கும் நன்கொடை வழங்குவார், இரு தலைவர்களுடனும் விருந்துண்பார். யார் வென்றாலும் அவரது தொலைபேசி அழைப்புக்குப் பதில் கிடைக்கும். சிறுவியாபாரிக்கும் தொழிலாளிக்கும், எண்ணிக்கையில் சிறுபான்மையினரான சமூகங்களுக்கும் அந்த வசதி கிடையாது. அவர்களுக்குள்ள ஒரே காப்புறுதி சட்டமாகும்.

2024 நவம்பர் 14 ஆம் திகதித் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களை வென்றதன் மூலம் ஜனாதிபதிப் பதவியும் பாராளுமன்றமும் மீண்டும் ஒரே தரப்பினரிடம் சென்றன. புதிய அரசியலமைப்பொன்றும் வாக்களிக்கப்பட்டுள்ளது. நிறைவேற்று ஜனாதிபதிமுறை நீடித்தால், மக்கள் மறுபடியும் அதிகாரத்தைப் பிரித்து வழங்கும் நாள் வரவே செய்யும். தேசிய பாதுகாப்புச் சபையில் பிரதமருக்கு இடமுண்டு என்பதும், அமைச்சுகளைப் பறிப்பதற்கான நிபந்தனைகளும், சமாதானம் போன்ற தேசிய விடயங்களில் இரு தரப்பும் கலந்தாலோசிக்க வேண்டிய முறையும் அமைதியான காலத்திலேயே சட்டமாக எழுதப்பட வேண்டும். கட்சிகளுக்கு யார் எவ்வளவு பணம் கொடுக்கின்றனர் என்பதும் வெளிச்சத்திற்கு வரவேண்டும். 2023 ஆம் ஆண்டின் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் நல்லதொரு தொடக்கமே. ஆனால், தேர்தல் முடிந்த பின்னர் வரிச்சலுகையாகவும் ஒப்பந்தமாகவும் திருப்பிச் செலுத்தப்படும் நன்றிக்கடனை அச்சட்டத்தினால் பார்க்க முடியாது.

வெள்ளம் வருமுன் அணை கோலுவதே அறிவுடைமை. தமிழ், முஸ்லிம் பிரதிநிதிகள் அரசியலமைப்புப் பற்றிப் பேசும் மேசையில் அமரும்போது, தமது சமூகங்களுக்கான உரிமைகளோடு இந்த அணையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஏனெனில், அது உடைந்த ஒவ்வொரு தடவையும் முதலில் நீர் புகுந்தது அவர்களை அனுப்பிய மக்களின் வீடுகளுக்குள்ளேயாகும்.