பழைய கணினியை மாற்றும் முன் உள்ளே இருக்கும் தமிழைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. அன்றிலிருந்து வீடுகளிலும் கடைகளிலும் ஒரே பேச்சு. எட்டு வருஷமாக ஓடும் சிஸ்டத்தை 11-க்கு மாற்றுவதா, இருக்கிறபடியே ஓட்டுவதா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குவதா? சர்வீஸ் கடைக்குப் போனால் ப்ராசஸர், ராம், எஸ்எஸ்டி என்று வரிசையாகக் கேட்பார்கள். கேட்க வேண்டியவைதான். ஆனால், அந்தப் பெட்டிக்குள் எந்த எழுத்துருவில் தமிழ் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நாமும் சொல்வதில்லை.

இயந்திரக் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள ப்ராசஸர் ஆகியவை விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சம். 2018-க்கு முன் வாங்கிய பெட்டிகளில் பெரும்பாலானவை ப்ராசஸரிலேயே தோற்றுவிடும். பரிசோதனையைத் தாண்டிப் போகக் குறுக்கு வழிகள் உண்டு. பிழைப்புக்கு நம்பியிருக்கும் மெஷினில் அதைச் செய்யாதீர்கள். விண்டோஸ் 10-லேயே இருப்பவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்த அவகாசத்தை நான் வேறு வேலைக்குப் பயன்படுத்தச் சொல்வேன்.

மதுரையில் ஒரு டிடிபி கடை. மூன்று சிஸ்டங்கள். இரண்டில் மெயில், வாட்ஸ்அப், ஜிஎஸ்டி. மூன்றாவதில் இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பி, பக்கம் வடிவமைக்கப் பேஜ்மேக்கர் 7. பின்பக்கம் பிரிண்டர் வயர் செருகும் அகலமான போர்ட்டில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டாங்கிள். தமிழ் எழுத்துரு மென்பொருளுக்கான பூட்டுச் சாவி அது; கழற்றினால் தமிழ் ஓடாது. கடைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். டைப்ரைட்டிங் ஹையர் முடித்த விரல்கள், விசைப்பலகையைப் பார்ப்பதே இல்லை. “இதுல கை வெச்சா என் பொழப்பு போயிரும் சார். இருபது வருஷத்துப் பத்திரிகை, மலர், புக்கு எல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கு” என்றார். திறந்து காட்டினார். ஊர் ஊராகக் கல்யாணப் பத்திரிகைகள், கும்பாபிஷேக மலர்கள், பள்ளிப் பொன்விழா மலர்கள், யாரோ ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சொந்தச் செலவில் போட்ட ஊர் வரலாறு. அந்த வரலாற்றுப் புத்தகத்தின் பிரதி இப்போது எழுதியவர் வீட்டில்கூட இல்லையாம்.

இந்தக் கோப்புகளில் இருப்பது கணினியைப் பொறுத்தவரை தமிழே அல்ல. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்திருந்தால், டிஸ்கில் பதிவாகியிருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த இடங்களில் தமிழ் வடிவத்தைத் தீட்டிக் காட்டும் வேலையை எழுத்துரு செய்கிறது. எழுத்துரு போனால் தமிழும் போயிற்று. கடைக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று என்று ஆளாளுக்கு ஒரு குறியீட்டு முறை வைத்திருந்த காலம் அது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்று பொதுத்தரம் வகுத்தார்கள். 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதற்குள் எவ்வளவோ அச்சாகி முடிந்திருந்தது. 1990-களின் நடுவிலிருந்து ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் தமிழில் அச்சான சிறுபத்திரிகைகள், உள்ளூர் வெளியீடுகள், ஆய்வேடுகள் ஆகியவற்றின் மூலக்கோப்புகளில் பெரும்பகுதி இப்படிப்பட்ட எழுத்துருக்களில்தான் கிடக்கிறது.

சிஸ்டத்தை மாற்றும்போது இது எப்படிக் கைவிட்டுப் போகிறது என்று பாருங்கள். விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. டாஸ் காலத்து 16-பிட் மென்பொருள் எதுவும் அதில் நேரடியாக ஓடாது. பழைய டாங்கிளுக்கு 64-பிட் டிரைவர் கிடைப்பது அரிது. அந்த மென்பொருளை எழுதியவர்களில் பலர் கடையை மூடிப் பல காலம். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. அதன் வாரிசான இன்டிசைன் சிஎஸ்6 வரைதான் பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்தது. அதற்குப் பிந்தியவை திறப்பதில்லை. பழைய டைப்-1 எழுத்துருக்களையும் இன்டிசைன் 2023-இல் கைகழுவிவிட்டது. யூனிகோடில் அடித்தவர்களுக்கும் சின்னச் சிக்கல் உண்டு. ஒரு காலத்தில் விண்டோஸில் தமிழ் என்றாலே லதா எழுத்துருதான். புதிதாக நிறுவிய விண்டோஸ் 10, 11-இல் அது தானாக வராது. தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்ற கூடுதல் வசதியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்க்காமல் பழைய வேர்டு கோப்பைத் திறந்தால் வேறு எழுத்துரு வந்து உட்காரும், பக்கங்கள் முன்னும் பின்னும் ஓடும். எரிச்சல்தான், ஆனால் எழுத்து பிழைக்கும். பாமினிக் கோப்புக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் பரவியபோது, அதைத் தடுக்கும் திருத்தம் வெளியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. போடாமல் விட்டவர்கள் மாட்டினார்கள். பிரிட்டனில் மருத்துவமனைகளே ஸ்தம்பித்தன. வங்கிக் கணக்கையும் ஆதாரையும் திறக்கும் சிஸ்டத்தை மாற்றத்தான் வேண்டும். தமிழ்க் கோப்புகள் இருக்கும் பழைய சிஸ்டத்துக்கு நான் சொல்வது வேறு. அதை ஃபார்மேட் பண்ணாதீர்கள். இணைய வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், தட்டச்சுக்கும் அச்சுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவும் நிரந்தரமல்ல. ஹார்ட் டிஸ்க்குக்கு ஆயுள் உண்டு. எனவே முதல் வேலை, டிஸ்கை அப்படியே முழுப் பிரதி எடுப்பது. பட்டையான கேபிள் வைத்த பழைய ஐடிஇ டிஸ்க் என்றால் யுஎஸ்பி அடாப்டர் கிடைக்கிறது, விலை பெரிதல்ல. கோப்புகளோடு ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். இதை விட்டுவிட்டுத் தவிப்பவர்கள்தான் அதிகம்: கோப்பு கையில் இருக்கும், எந்த எழுத்துரு என்று யாருக்கும் தெரியாது. முக்கியமான ஒவ்வொன்றையும் பழைய சிஸ்டம் உயிரோடு இருக்கும்போதே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். அதில் எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடுவதால் பக்கம் அப்படியே தெரியும். ஆனால் அந்த பிடிஎஃப்பில் தேட முடியாது, நகலெடுத்தால் ஆங்கிலக் குப்பைதான் வரும். ஆகவே வாசகத்தைத் தனியாக ஏற்றுமதி செய்து யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன.

இங்கேதான் கண்ணில் படாத பள்ளம். பாமினியில் ‘ரி’ அடிக்கும்போது, ரகரத்துக்குப் பதில் துணைக்காலைப் போட்டு அதன் தலையில் கொக்கி வைப்பது வழக்கம். அச்சில் வித்தியாசம் தெரியாது. எல்லா மாற்றியும் இதைச் சரியாகப் பிடிப்பதில்லை. ‘தெரியும்’ என்பது ‘தொியும்’ ஆகிவிடும். ‘மாரியம்மன்’, ‘மாாியம்மன்’ ஆவாள். மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகவே இருக்கும். அதேபோல ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் பழைய எழுத்துருக்களில் ஒரே வடிவம்தான். கௌரி என்ற பெயர் இரண்டு பள்ளத்திலும் விழும். நன்கொடையாளர் பட்டியலில் நம் பாட்டி பெயர் கண்ணெதிரே இருக்கும். தேடினால் இல்லை என்று வரும். அடுத்த தலைமுறை எதையும் தேடித்தான் படிக்கப் போகிறது. தேடலில் சிக்காத பெயர் அவர்களைப் பொறுத்தவரை அந்த மலரில் அச்சாகவே இல்லை.

‘ரி’ சிக்கலுக்கு வழி எளிது. துணைக்காலுக்குப் பின் இகரக் கொக்கி வருவது தமிழில் எங்குமே இல்லை, எனவே மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாம். ஔகாரத்தில் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியாது. வெளவாலை வௌவாலாக்கப் போய், ‘வெள்ளி’யும் ‘வெளிச்ச’மும் உருக்குலைந்துவிடும். பெளர்ணமியைத் திருத்த வேண்டும், ‘தெளிவை’த் தொடக் கூடாது. இதைச் சொல்சொல்லாகப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். எந்தக் கடை எந்த எழுத்துருவில் அடித்தது, எந்த விசையில் எந்த எழுத்து உட்கார்ந்திருந்தது என்று விரல் நுனியில் வைத்திருப்பவர்கள் இந்த டிடிபி ஆபரேட்டர்கள்தான். பலர் தொழிலை விட்டுவிட்டார்கள். மதுரைக்காரரிடம் இந்த வேலைக்கு யாராவது வருகிறார்களா என்று கேட்டேன். “பத்திரிகை அடிக்கத்தான் சார் வர்றாங்க. பழசை மாத்திக் குடுன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. கேட்டா பக்கத்துக்கு இவ்வளவுன்னு வாங்கிட்டு செஞ்சு குடுத்துருவேன்” என்றார்.

உங்கள் ஊர்க் கோயிலுக்கோ பள்ளிக்கோ சங்கத்துக்கோ ஒரு மலர் 1995-க்கும் 2010-க்கும் இடையில் வந்திருந்தால், அதை அடித்துக் கொடுத்த கடை எது என்று இந்த வாரமே விசாரியுங்கள். அந்த சிஸ்டம் இன்னும் ஓடுகிறதா என்று கேளுங்கள். ஓடினால், ஆபரேட்டருக்கு உரிய கூலியைக் கொடுத்து, 2026 அக்டோபருக்குள் யூனிகோடில் வாங்கிவிடுங்கள். விண்டோஸ் 11 அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.