பெர்லினில் கனவு வேலை... 6 வருஷத்தில் உதறிய ஃப்ளூட் கலைஞர்! ஜேம்ஸ் கால்வே எடுத்த ரிஸ்க் என்ன?

நல்ல வேலை கிடைத்தால் ரிட்டயர் ஆகும் வரை விடக்கூடாது என்பார்கள். ஆனால் உலகின் தலைசிறந்த ஆர்கெஸ்ட்ராக்களில் ஒன்றான பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கில் கிடைத்த முதன்மை இடத்தை, 1975-ல் வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தார் ஜேம்ஸ் கால்வே. ஏன்?

யார் இவர்?

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் 1939-ல் பிறந்தவர். அப்பா கப்பல் கட்டும் தளத் தொழிலாளி. அம்மாவுக்கு நூற்பாலை வேலை. 11 வயதில், ஒரே நாளில் நகரின் மூன்று ஃப்ளூட் போட்டிகளில் ஜெயித்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பியானோ ரிப்பேர் செய்பவரிடம் தொழில் கற்கப் போனார்.

எங்கே படித்தார்?

முதலில் லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக், பிறகு கில்டுஹால். அடுத்து பாரிஸ் கன்சர்வேட்டரி. இவர் வாசிப்பது நம்ம ஊர் மூங்கில் குழல் இல்லை. சாவிகள் பொருத்திய உலோக ஃப்ளூட். அதற்கு அப்போது பாரிஸ்தான் தலைநகரம் மாதிரி. பட்டயம் வாங்கும் முன்பே லண்டன் ஆர்கெஸ்ட்ராக்களில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். 1969-ல் பெர்லின், நடத்துநர், புகழின் உச்சியில் இருந்த கராயன்.

வேலையை விட்டதில் என்ன ரிஸ்க்?

இங்கேதான் விஷயம். பியானோ, வயலின் கலைஞர்கள் தனியாக மேடையேற பீத்தோவன், பிராம்ஸ், சாய்கோவ்ஸ்கி எனப் பெரிய ஆட்களின் கான்செர்டோக்கள் இருக்கின்றன. இந்த மூவருமே ஃப்ளூட்டுக்கு ஒரு கான்செர்டோகூட எழுதவில்லை. மொஸார்ட் எழுதியது இரண்டு. அதிலும் ஒன்று, ஓபோ வாத்தியத்துக்கான படைப்பை மாற்றி எழுதியது. வாசிக்கப் பாட்டு குறைவு என்றால் கச்சேரி வாய்ப்பும் குறைவு. அதனால்தான் ஃப்ளூட் கலைஞர்களுக்கு ஆர்கெஸ்ட்ரா சம்பளம் பெரிய பாதுகாப்பு.

அப்புறம் என்ன ஆச்சு?

1977-ல் சுவிட்சர்லாந்தின் லூசெர்னில் விபத்து. இரண்டு கால்களும் முறிந்தன. அடுத்த ஆண்டே, ஜான் டென்வரின் 'ஆனீஸ் சாங்' பாடலை ஃப்ளூட்டில் வாசித்து, பிரிட்டன் பாப் பட்டியலில் 3-வது இடம் பிடித்தார். கிளாசிக்கல் பக்கம் வராதவர்களுக்கும் பெயர் தெரிந்தது.

பாட்டு குறைவா? எழுத வைத்தார். அவர் கேட்டு ஸ்பெயினின் ரோட்ரிகோ எழுதிய கான்செர்டோ 1978-ல் அரங்கேறியது. அமெரிக்காவின் கோரிலியானோ எழுதியதை 1982-ல் வாசித்தார். 2001-ல் 'சர்' பட்டம் வந்தது.

எல்லோருக்கும் இதே வழியா?

இல்லை. ஜெனீவாவில் பிறந்து, பாரிஸில் படித்த இமானுவேல் பஹூத், 22 வயதில் அதே பெர்லின் பதவியைப் பிடித்தார். 2000-ல் விலகியவர், 2002-ல் திரும்பி வந்து, ஆர்கெஸ்ட்ரா, தனிக் கச்சேரி இரண்டையும் சேர்த்தே பார்த்துக்கொண்டார். கால்வே திரும்பிப் போகவில்லை. ஆனால் அவர் கேட்டு வாங்கிய கான்செர்டோக்கள், அடுத்து வரும் ஃப்ளூட் கலைஞர்களுக்கும் கச்சேரி வாய்ப்புதான்.