நல்ல இசைக்கு முதலில் அறையைக் கவனியுங்கள்!

டாலிகஞ்ச் என்றாலே சினிமா ஸ்டூடியோக்கள்தான். பி. என். சர்க்கார் 1931-ல் தொடங்கிய நியூ தியேட்டர்ஸ் இங்கேதான் இயங்கியது.

பேசும் படங்களின் தொடக்க காலத்தில் நடிகர்களே காமிரா முன் நின்று பாட வேண்டும். சுற்றுப்புற ஓசையும் பாட்டோடு பதிவாகிவிடும். 1935-ல் நிதின் போஸ் இயக்கிய 'பாக்ய சக்ரா' படத்துக்கு நியூ தியேட்டர்ஸ் கலைஞர்கள் பாட்டைத் தனியே பதிவு செய்து, பிறகு வாயசைக்க வைத்தார்கள். பின்னணிப் பாட்டு அப்படித்தான் வேரூன்றியது. பாடும் இடம் சரியாக இருந்தால்தான் பாட்டு சரியாக இருக்கும் என்பதே அதன் பாடம். கேட்கும் இடத்துக்கும் இது பொருந்தும்.

பூஜை போனஸ் வந்ததும் சாந்தினி மார்க்கெட்டில் ஆம்பிளிஃபயரும் ஸ்பீக்கரும் வாங்குவோர் உண்டு. கடையில் கேட்ட இனிமை வீட்டில் இருக்காது. உடனே விலை உயர்ந்த ஒயர், புதிய பெட்டி என்று மறுபடியும் செலவு! அது தேவைதானா?

எண்களில் குறை இல்லை

டிஜிட்டல் முறையில் ஒலி எண்களாகிறது. 1982-ல் விற்பனைக்கு வந்த சி.டி.யில் ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். மனிதக் காது வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். அதைப் போல் இரு மடங்குக்குச் சற்று அதிகமாக அளந்தாலே போதும்.

ஆனால் 128 கிலோபிட் எம்.பி.3 பாட்டில் சி.டி.யின் தகவலில் ஏறத்தாழ 11-ல் ஒரு பங்கே உண்டு. 320 கிலோபிட் பாட்டு கிடைத்தால் அதையே எடுங்கள். புளூடூத்தில் அனுப்பினால் பாட்டு மறுபடியும் சுருக்கப்படும். செல்போனை ஒயரால் இணைத்தால் அந்த நஷ்டம் இல்லை.

கை தட்டிப் பாருங்கள்

வெறும் சிமெண்டுத் தரை, வெறும் சுவர் உள்ள அறையில் கை தட்டினால் ஓசை கணீரென்று திரும்பி வரும். பாட்டும் அப்படியே மோதிக் குழம்பும். தரையில் ஜமக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை, சுவரோரம் புத்தக அலமாரி இருந்தால் போதும், குழப்பம் குறையும்.

ஸ்பீக்கரை மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி 'கும்'மென்று அடைக்கும். சுவரிலிருந்து ஓரிரு அடி தள்ளி, சிறிய ஸ்பீக்கர் காது உயரத்தில் இருக்கும்படி வையுங்கள். இரண்டு பெட்டிகளுக்கும் இடையே எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரத்தில் நீங்கள் உட்காருங்கள். சிவப்பு முனையில் சிவப்பு ஒயரே சேர வேண்டும். ஒரு பெட்டியில் மாறிவிட்டால் தாழ்ந்த ஒலி காணாமல் போகும்.

எர்த்தைத் துண்டிக்காதீர்

'உம்ம்' என்ற இரைச்சல் கேட்டால் எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் போர்டில் இணைத்துப் பாருங்கள். இரைச்சல் போகும் என்று எர்த் பின்னை மட்டும் பிடுங்கக் கூடாது. அது உயிருக்கே ஆபத்து!

வங்காளத்தின் ஈரக் காற்றில் ஸ்பீக்கரைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் நாளடைவில் பொடிந்துவிடும். வளையத்தை மட்டும் மாற்றினால் பழைய ஸ்பீக்கர் மறுபடியும் பாடும்.

ஆகவே முதலில் அறை, அடுத்து நல்ல பதிவு, பிறகு ஸ்பீக்கர். விலை உயர்ந்த ஒயர் கடைசியில்தான். இந்த வரிசையில் போனால், போனஸில் ஒரு பகுதியாவது ஊருக்குப் போய்ச் சேரும்.