சரக்கைப் போல் காரையும் காப்போம்



கடையில் அரிசி மூட்டை தரையில் படாமல் பலகை போடுகிறோம். மஞ்சளில் ஈரம் ஏறாமல் பார்க்கிறோம். பருப்பில் வண்டு விழுந்தால் அன்றே புடைக்கிறோம். பல லட்சம் கொடுத்து வாங்கிய கார் மட்டும் கடை வாசலில் வேப்ப மரத்தடியில் தூசியும் எச்சமுமாக நிற்கிறது. காரும் நம் முதல்தான். இன்ஷூரன்ஸ் கணக்குப்படியே ஆறு மாதத்திற்குள் 5 சதவீதமும், ஓர் ஆண்டு முடிவதற்குள் 15 சதவீதமும், ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதமும் அதன் மதிப்புக் கழிகிறது. இந்தத் தேய்மானத்தை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் விற்கும்போது பெயிண்டும் உள்ளேயிருக்கும் சீட்டும் கெட்டிருந்தால், வாங்குபவர் இதற்கு மேலும் விலையைக் குறைப்பார். அந்த நட்டத்தைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது.

பெயிண்ட் எவ்வளவு கனம்?

பழைய அம்பாசடர் காலத்தில் ஒரே வண்ணப் பூச்சு. பாலிஷ் போட்டுத் தேய்த்தால் காரின் நிறமே துணியில் ஒட்டும். இப்போது வரும் கார்களில் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் வண்ணம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கண்ணாடி போன்ற ஒரு பூச்சு என நான்கு அடுக்குகள் உண்டு. நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதல். மேல் பூச்சு மட்டும் சுமார் 40, 50 மைக்ரான்தான். நம் தலைமுடியை விட மெல்லியது. வெயில், மழை, எச்சம் எல்லாவற்றையும் தாங்குவது இந்த மேல் பூச்சே. அது போனால் வண்ணம் வெளுக்கும், பிறகு துரு பிடிக்கும்.

கழுவும் முறை

காலையில் கடைப் பையன் காய்ந்த துணியால் காரைத் துடைப்பது பல கடைகளில் வழக்கம். இதுதான் பெயிண்டுக்கு முதல் எதிரி. தூசியில் உள்ள நுண்மணல் உப்புத்தாள் போல் தேய்த்து, வட்ட வட்டமாகக் கீறல் போடும். முதலில் தண்ணீரை ஊற்றித் தூசியை இறக்க வேண்டும். பிறகு இரண்டு வாளி வைத்துக்கொள்ளவும். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றொன்றில் துணியை அலசுவதற்கு வெறும் தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழே வரவும். சக்கரத்துக்குத் தனித் துணி வேண்டும். அந்தத் துணி பாடியில் படக் கூடாது.

துணி சோப்புத் தூளும் பாத்திர சோப்பும் மலிவு என்று பயன்படுத்த வேண்டாம். அவை முன்பு போட்ட வாக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். நம் ஊர்களில் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். வெயிலில் கழுவித் தானாகக் காய விட்டால் வெள்ளைப் புள்ளிகள் தங்கிவிடும். நிழலில் கழுவி, மைக்ரோ ஃபைபர் துணியால் உடனே ஒற்றி எடுக்கவும். மண்ணெண்ணெயோ டீசலோ போட்டுத் துடைத்தால் அன்றைக்குப் பளபளக்கும். மறுநாள் தூசியை இழுக்கும். நாளடைவில் ரப்பர் பீடிங்கைக் கெடுக்கும்.

எச்சம், பிசின், குங்குமம்

பறவை எச்சம் அமிலத்தன்மை உள்ளது. வெயிலில் பெயிண்ட் சூடேறி இளகும்போது எச்சம் அதில் பதிந்துவிடும்; பிறகு எவ்வளவு கழுவினாலும் தடம் போகாது. காய்ந்த எச்சத்தைச் சுரண்டக் கூடாது. ஈரத் துணியை ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்து மெல்ல எடுக்க வேண்டும். காரிலேயே ஒரு பாட்டில் தண்ணீரும் துணியும் இருக்கட்டும். மரப் பிசினையும் அன்றன்றே எடுத்துவிடவும்.

ஆயுத பூஜையன்று காருக்குச் சந்தனம், குங்குமம் வைப்பது நம் வழக்கம். அதை விட வேண்டியதில்லை. பானெட்டில் வைக்காமல் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வையுங்கள். வெள்ளைக் காரில் குங்குமம் நாள்பட நின்றால் சிவப்புத் தடம் விழும். எலுமிச்சைச் சாறும் பூசணிக்காயில் தடவிய குங்குமமும் பாடியில் தெறித்திருந்தால் அன்று மாலையே கழுவுங்கள். வாழைக்கன்று கட்டிய கயிறு உராய்ந்தும் கீறல் விழும்.

பாலிஷ் வேறு, வாக்ஸ் வேறு

இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் நம்மில் பலர். பாலிஷ் என்பது மேல் பூச்சை மெல்லிசாகத் தேய்த்து எடுப்பது. அடிக்கடி போட்டால் உள்ள பூச்சும் தீரும். வாக்ஸ் மேலே ஒரு படலமாக உட்கார்ந்து காப்பது. சில மாதங்களுக்கு ஒரு முறை போடலாம். கழுவிய பின் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவினால் வாக்ஸ் தீர்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

இப்போது செராமிக் பூச்சு என்று பெரிய தொகை சொல்கிறார்கள். அது அழுக்கு ஒட்டாமல் இருக்கவும் கழுவச் சுலபமாக இருக்கவும் உதவும். கல் தெறித்தால் தடுக்காது. அதற்குத் தனியே பிளாஸ்டிக் படலம் ஒட்டும் முறை உள்ளது. அது இன்னும் விலை கூடியது. புதுக் காருக்கு யோசிக்கலாம். எட்டு வருடக் காருக்கு அந்தத் தொகை விற்பனையில் திரும்பாது.

கீறலும் கிளெய்மும்

கீறல் விழுந்தால் அதன்மேல் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கீறல் மறைந்தால் அது மேல் பூச்சில் மட்டும் உள்ளது, பாலிஷில் போகும். நகம் மாட்டினாலோ, பிரைமரோ தகடோ தெரிந்தாலோ உடனே டச்சப் செய்ய வேண்டும். மழைக்காலம் வரை விட்டால் துரு உள்ளே பரவி, டிங்கர் வேலை, பட்டி வேலை என்று செலவு பெருகும்.

இதில் வியாபாரக் கணக்கு ஒன்று உண்டு. சொந்தச் சேதப் பிரிவுக்கு ஆண்டு பிரீமியம் 8,000 ரூபாய், நான்கு ஆண்டாகக் கிளெய்ம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். புதுப்பிக்கும்போது நமக்கு 45 சதவீதம், அதாவது 3,600 ரூபாய் போனஸ் தள்ளுபடி. இந்நிலையில் 5,000 ரூபாய் பெயிண்ட் வேலைக்குக் கிளெய்ம் போடுகிறோம். சாதாரண பாலிசியில், மொத்தமாகப் போட்ட பெயிண்ட் பில்லில் 25 சதவீதத்தைப் பொருள் விலையாக எடுத்து, அதில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். 625 ரூபாய் போயிற்று. 1,500 சி.சி. வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். கைக்கு வருவது 3,375 ரூபாய். இதற்காக 3,600 ரூபாய் தள்ளுபடியை இழக்கிறோம். அதற்கடுத்த ஆண்டும் 50 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதமே கிடைக்கும். மேலும் 2,400 ரூபாய் நட்டம். சிறு கீறலுக்குக் கைக்காசு செலவழிப்பதே லாபம். உங்கள் பாலிசித் தாளை எடுத்து வைத்துக்கொண்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

டிக்கியில் மூட்டை

அவசரத்துக்கு இரண்டு மூட்டையைக் காரிலே ஏற்றுவது நம்மவர்களிடம் சாதாரணம். சொந்தக் கார் பாலிசியில், மாதிரிச் சரக்கும் சொந்தப் பெட்டிகளும் தவிர மற்றச் சரக்கு ஏற்றும் உபயோகத்துக்குக் காப்பு இல்லை என்று எழுதியிருக்கும். அந்த நேரத்தில் விபத்து நேர்ந்தால் கிளெய்ம் மறுக்கப்பட இடம் உண்டு. மூட்டைக்குச் சரக்கு வண்டி இருக்கிறது. வாடகையை மிச்சம் பிடிக்கக் காரை அடகு வைக்க வேண்டாம்.

மாதிரிப் பொட்டலமும் வீட்டுச் சாமானும் ஏற்றத்தான் வேண்டியிருக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை டிக்கியில் நிரந்தரமாக வையுங்கள். எது சிந்தினாலும் பெட்டிக்குள் நிற்கும்.

சிந்திவிட்டால் செய்ய வேண்டியவை:

உப்பு: காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே கசியும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னை போன்ற கடலோர ஊர்களில் இரவில் இது சாதாரணம். கசிந்த உப்புநீர் விரிப்பின் அடியில் ஸ்டெப்னிக் குழியில் தங்கித் தகட்டை அரிக்கும், வெளியே தெரியாது. ஸ்டெப்னியைத் தூக்கி, நல்ல தண்ணீர்த் துணியால் பலமுறை துடைத்து, நன்கு காய விடவும்.

மஞ்சள் தூள்: தண்ணீரும் சோப்பும் உடனே போடாதீர்கள். சோப்புப் பட்டால் மஞ்சள் கறை சிவப்பாகும். முதலில் வாக்குவம் மூலம் தூளை உறிஞ்சவும். மிஞ்சிய மஞ்சள் கறை வெயில் பட்டால் மெல்ல வெளுக்கும்.

மிளகாய்த் தூள்: முழுவதும் எடுக்கும் வரை ஏ.சி. போடக் கூடாது. ஏ.சி. உள்காற்றையே திரும்ப இழுப்பதால் தூள் உள்ளே போய், பல நாள் கண்ணும் தொண்டையும் எரியும்.

எண்ணெய்: தேய்த்தால் பரவும். துணியால் ஒற்றி, மேலே சோள மாவோ முகப் பவுடரோ தூவி, ஊறிய பின் உறிஞ்சி எடுத்து, பிறகு ஷாம்பு போடவும்.

வெல்லம், தானியம்: எறும்பும் எலியும் வரும். எலி வந்தால் ஒயரைக் கடிக்கும். அந்தச் செலவு சீட் செலவை விடப் பெரிது. இரவில் காரில் தின்பண்டமே இருக்கக் கூடாது.

உள்ளறைக்குச் சில குறிப்புகள்

மதிய வெயிலில் நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு மறைப்பு வைத்தால் டாஷ்போர்டு வெளுக்காது, வெடிக்காது. வீடு சேர்வதற்குச் சில நிமிடம் முன்பு ஏ.சி.யை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓட விட்டால் உள்ளே ஈரம் காயும்; ஊசல் வாடை வராது. மழையில் நனைந்த மேட்டை எடுத்துத் தனியே காய வையுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் சிறு துளைகளை மண் அடைக்காமல் பாருங்கள். தூசி படிந்த காரின் மேலும், ஈரக் காரின் மேலும் கவர் போடக் கூடாது.

வெள்ளம் புகுந்த காரைப் பலர் அவசரமாக ஸ்டார்ட் செய்து எஞ்சினைக் கெடுத்துக்கொள்கிறார்கள். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்திலும் பெருவெள்ளம் பார்த்தோம். தண்ணீர் புகுந்தால் சாவியே போடாமல், படம் எடுத்து வைத்துக்கொண்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, காரை இழுத்துச் செல்லச் சொல்லுங்கள். மேட்டும் விரிப்பும் முழுவதும் வெளியே வந்து காய்ந்தால்தான் பூஞ்சணம் பிடிக்காது.

இவற்றுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். கடைக்கு விடுமுறை நாளில் காலை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். கடைப் பையனிடம் ஒப்படைப்பதானால் ஒரு முறை கூட நின்று சொல்லிக் கொடுங்கள். காய்ந்த துணியை மட்டும் முதலில் அவர் கையிலிருந்து வாங்கிவிடுங்கள்.